ஆன் ஆகத் தாமதிக்கும் கணினி: கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் இருக்கிற ஒரே கணினி, பிள்ளை பள்ளியிலோ கல்லூரியிலோ வாங்கி வந்த விலையில்லா மடிக்கணினிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், அடுத்த எட்டொன்பது ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ ஐம்பது லட்சம் மாணவர்கள் மடிக்கணினி வாங்கினார்கள். வாங்கிய பிள்ளை இன்று வேலைக்குப் போயிருக்கலாம், திருமணமாகி வேறு ஊரில் இருக்கலாம். லேப்டாப் மட்டும் வீட்டில்தான் இருக்கிறது. தம்பியோ தங்கையோ அதில்தான் பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் நிரப்புகிறார்கள், டி.என்.பி.எஸ்.சி.க்கு விண்ணப்பம் போடுகிறார்கள்.

அது ஆன் ஆக ஐந்து நிமிடம், பத்து நிமிடம் எடுத்தால் உடனே வருகிற அறிவுரை, "பழசாயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்க" என்பதுதான். அந்தப் பேச்சை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இந்த வயதுக் கணினிகளில் பெரும்பாலானவற்றின் மந்தத்துக்கு ஓரிரண்டு காரணங்கள்தான் இருக்கின்றன. அவற்றில் பாதியைக் காசில்லாமலே சரிசெய்துவிடலாம். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போன பிள்ளையின் கையில் கிடைத்த இயந்திரம் அது. சரிசெய்ய முடிகிற ஒன்றை மூலையில் போட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை. கீழே உள்ள குறிப்புகளைக் கூடியவரை செலவில்லாதவை முதலில், செலவு வைப்பவை பின்னால் என்ற வரிசையில் தந்திருக்கிறேன். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கும் இவை பொருந்தும்.

1. முதலில் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்.

"சிஸ்டம் ஸ்லோவா இருக்கு" என்று மொத்தமாகச் சொன்னால் கைதேர்ந்த மெக்கானிக்கும் குத்துமதிப்பாகத்தான் கைவைப்பார். எந்த இடத்தில் இழுக்கிறது என்பதுதான் கேள்வி. போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டுப் பவர் பட்டனை அமுக்குங்கள். கம்பெனிப் பெயர் திரையில் வந்து மறையும் வரை முதல் கட்டம். புள்ளிகள் வட்டமாகச் சுற்றி, பாஸ்வேர்டு கேட்கிற திரை வரும் வரை இரண்டாம் கட்டம். பாஸ்வேர்டு போட்ட பிறகு, பிரவுசரைச் சொடுக்கினால் உடனே திறக்கிற நிலை வரும் வரை மூன்றாம் கட்டம். மூன்று நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

முதல் கட்டத்திலேயே நின்றால் விண்டோஸ் மீது பழி இல்லை. அது இன்னும் தொடங்கவே இல்லை. செருகியிருக்கும் பென் டிரைவ், மதர்போர்டின் சிறு பேட்டரி, சாகக் கிடக்கும் ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டாம் கட்டம் இழுத்தால் ஹார்ட் டிஸ்க், டிரைவர்கள், கரண்ட் திடீரென்று போனதால் வந்த கோளாறு. மூன்றாம் கட்டம் இழுத்தால், கூடவே தொடங்கும் மென்பொருள்கள், ஆன்டிவைரஸ், ரேம் பற்றாக்குறை.

இன்னொரு சோதனையும் செய்யலாம். ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட்டைச் சொடுக்கினால் ஒரு நீலத் திரை வரும். அதன் வழியாக சேஃப் மோடுக்குப் போகலாம். அதில் கணினி அவசியமானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு தொடங்கும். அப்போது சுறுசுறுப்பாக இருந்தால், கோளாறு இயந்திரத்தில் இல்லை, பின்னால் நீங்கள் ஏற்றிய மென்பொருளிலோ டிரைவரிலோதான்.

ஒரே நாளில் நான்கு மாற்றங்களைச் செய்யாதீர்கள். ஒன்றைச் செய்து, மறுபடி நேரம் பார்த்து, எழுதிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

2. "ஷட் டவுன்" கொடுத்தால் முழுதாக அணைவதில்லை.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற ஏற்பாட்டைச் சேர்த்தார்கள். அது இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உட்பகுதி மூடப்படாமல், இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் அதையே எடுத்து விரித்துக்கொள்வதால் சீக்கிரம் ஆன் ஆகும். ஆனால் உள்ளே ஏதாவது சிக்கிக்கொண்டிருந்தால் அந்தச் சிக்கலும் நாள்கணக்கில் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் மூடிப் புதிதாகத் தொடங்கும். அதனால் வாரம் ஒருமுறையாவது ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுங்கள். "தினமும் ஆஃப் பண்ணிட்டுத்தானே படுக்கிறேன்" என்பவர்களின் கணினி, உண்மையில் மாதக்கணக்கில் முழுதாக மூடப்படாமலே இருந்திருக்கும்.

லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருக்கும் லேப்டாப்பில் இந்த ஏற்பாட்டை அணைத்துவிடுவதே நல்லது. விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும்போது லினக்ஸ் அதே டிஸ்க்கைத் தொட்டால் கோப்புகள் கெட வாய்ப்புண்டு. கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் இதற்கான டிக் இருக்கிறது.

3. செருகியிருப்பதை எல்லாம் பிடுங்குங்கள்.

பென் டிரைவ், மெமரி கார்டு, வெளி ஹார்ட் டிஸ்க், பிரிண்டர், பழைய டாங்கிள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒருமுறை ஆன் செய்யுங்கள். சில கணினிகளில், விண்டோஸ் எங்கே இருக்கிறது என்று முதலில் பென் டிரைவில் தேடச் சொல்லி அமைத்திருப்பார்கள். ஓ.எஸ். போட்டுக் கொடுத்த கடைக்காரர் அப்படியே விட்டிருக்கலாம். முதல் கட்டம் சட்டென்று குறைந்தால் குற்றவாளி அங்கேதான். பயாஸ் அமைப்பில் டிஸ்க்கை முதலிடத்துக்குக் கொண்டுவந்தால் தீரும். புதிய லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால், பயாஸில் கைவைத்த பிறகு மீட்புக் குறியீடு கேட்கும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தக் குறியீடு இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொண்டு கைவையுங்கள்.

4. கூடவே எழுந்திருக்கும் கூட்டத்தைக் குறையுங்கள்.

மூன்றாம் கட்டம் இழுக்கிற வீடுகளில் அதிகப் பலன் தரும் வேலை இது. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால், கணினி ஆன் ஆகும்போது தானாகத் தொடங்கும் மென்பொருள்களின் பட்டியல் இருக்கும். எதிரே ஹை, மீடியம், லோ என்று போட்டிருக்கும். தொடங்கும்போது ஒரு நொடிக்கு மேல் பிராசசரைப் பிடித்துக்கொள்வது, அல்லது டிஸ்கில் 3 எம்.பி.க்கு மேல் படித்து எழுதுவது எதுவோ அதற்கு ஹை. வேண்டாததை வலது சொடுக்கி டிஸேபிள் கொடுங்கள். மென்பொருள் அழியாது. நீங்கள் கூப்பிடும்போது வரும், கூப்பிடாமல் வராது, அவ்வளவுதான்.

ஊரடங்குக் காலத்து ஆன்லைன் வகுப்புக்கு ஏற்றிய ஜூம், டீம்ஸ், எப்போதோ வாங்கி எறிந்த பிரிண்டரின் மென்பொருள், பாட்டுக் கேட்கிற செயலி, கேம் லாஞ்சர், டாரன்ட், மூன்று விதமான அப்டேட்டர்கள் என்று இந்தப் பட்டியலில் ஒரு வீட்டின் பத்தாண்டு வரலாறே கிடக்கும். தயங்காமல் நிறுத்துங்கள். டச்பேட், ஒலி, கிராபிக்ஸ் தொடர்பானவற்றை மட்டும் விட்டுவிடுங்கள். பெயர் புரியாவிட்டால் அதை இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

தமிழில் தட்டச்சு செய்ய அழகி, என்.ஹெச்.எம். ரைட்டர், இ-கலப்பை போன்றவற்றை வைத்திருப்பவர்கள், எல்லாவற்றையும் அணைக்கிற வேகத்தில் அவற்றையும் அணைத்துவிட்டுப் பிறகு தமிழ் வரவில்லை என்று தவிப்பதுண்டு. அவை மிகச் சிறியவை. அவற்றால் ஒரு நொடிகூட வீணாகாது, இருந்துவிட்டுப் போகட்டும்.

5. ஆன்டிவைரஸ் ஒன்று போதும்.

வாங்கும்போது இலவசமாக வந்து காலாவதியானது ஒன்று, கடைக்காரர் போட்டுக் கொடுத்தது ஒன்று, விண்டோஸோடு வருவது ஒன்று. இப்படி இரண்டு மூன்று இருந்தால், திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சோதிக்கப் பார்க்கும். வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸின் டிஃபெண்டரே போதும். மற்றவற்றை முறையாக அன்இன்ஸ்டால் செய்யுங்கள். போல்டரை மட்டும் அழிப்பது அன்இன்ஸ்டால் ஆகாது.

6. "ஒரே கிளிக்கில் வேகம்" விளம்பரங்களைத் தொடாதீர்கள்.

பி.சி. பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் தாங்களே ஸ்டார்ட்அப் பட்டியலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ரெஜிஸ்ட்ரியைத் துடைப்பதால் கணினி வேகமாக ஆன் ஆவதில்லை. துடைக்கக் கூடாததைத் துடைத்தால் ஆன் ஆகாமலே போகும்.

7. அலமாரியில் கிடந்ததை எடுத்தால் ஒருநாள் பொறுங்கள்.

தேர்வு முடிந்து மூட்டைகட்டி வைத்த லேப்டாப்பை ஆறு மாதம் கழித்து, விண்ணப்பத்தின் கடைசி நாளன்று எடுக்கிறோம். அந்த ஆறு மாத அப்டேட் முழுவதும் அன்றைக்கே இறங்கத் தொடங்கும். டிஃபெண்டரும் முழுச் சோதனையில் இறங்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கால் இதைத் தாங்க முடியாது. கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, சார்ஜரில் செருகி, வைஃபை கொடுத்து, ஓர் இரவு ஓடவிடுங்கள். காலையில் ஒரு ரீஸ்டார்ட். கடைசி நாளிலேயே மாட்டிக்கொண்டால் அந்த லேப்டாப்போடு போராடாதீர்கள். பக்கத்து இ-சேவை மையத்துக்கு நடந்துவிடுங்கள், விண்ணப்பம்தான் முக்கியம்.

8. சி டிரைவில் இடம் இருக்கிறதா?

ரேம் போதாதபோது கணினி டிஸ்க்கின் ஒரு பகுதியை ரேமாகப் பயன்படுத்திக்கொள்ளும். அப்டேட்டை விரிக்கவும் இடம் வேண்டும். சி டிரைவ் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டால் எல்லாமே தடுமாறும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ் போய், டெம்பரரி ஃபைல்ஸை அழியுங்கள். அதில் டவுன்லோட்ஸ் என்ற வரியும் இருக்கும். அதை டிக் செய்தால், இறக்கி வைத்த ஹால் டிக்கெட், சான்றிதழ் எல்லாம் போய்விடும், கவனம். சித்திரைத் திருவிழா வீடியோ, கல்யாண ஆல்பம் போன்ற கனமானவற்றை வெளி டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.

9. ஹார்ட் டிஸ்க்: பெரும்பாலும் கோளாறு இதில்தான்.

இதுவரை சொன்னதை எல்லாம் செய்தும் நேரம் பாதிகூடக் குறையவில்லை என்றால், காரணம் உள்ளே சுழலும் தட்டுதான். அந்தக் கால லேப்டாப்களில் பெரும்பாலும் இருப்பது நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க். கணக்குப் போட்டுப் பாருங்கள். நொடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லிநொடி. தேவையான தகவல், படிக்கும் முனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். முனை இடம்விட்டு இடம் நகரும் நேரம் தனி. இப்படி ஒரு நொடிக்கு நூறு சிறு கோப்புகளைக்கூட அதனால் எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுவதோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள், டிஸ்க்கின் மூலைக்கு மூலை சிதறி. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் என்ற இடத்தில் 100 சதவீதம் என்று நிமிடக்கணக்கில் நின்றால் இதுதான் நடந்துகொண்டிருக்கிறது.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டு இல்லை, நகரும் முனை இல்லை. எந்தக் கோப்பையும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எடுத்துத் தரும். பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால், நிமிடங்களில் இருந்த நேரம் நொடிகளுக்கு வந்துவிடும். அதைப் பார்த்த பிறகுதான் "இத்தனை நாள் இதுக்காகவா லேப்டாப்பைத் திட்டினோம்" என்று தோன்றும். கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால், அது இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 256 ஜி.பி. வீட்டுக்குத் தாராளம். பெரிய அளவு வேண்டாம், பெயர் தெரிந்த நிறுவனமும் வாரண்டியும் வேண்டும்.

மாற்றும் முன் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் நீலத்தில் நலம், மஞ்சளில் எச்சரிக்கை, சிவப்பில் ஆபத்து என்று காட்டும். மஞ்சள் வந்துவிட்டாலோ, உள்ளிருந்து டிக் டிக் என்று சத்தம் கேட்டாலோ வேறெதையும் செய்யாதீர்கள். செக் டிஸ்க்கும் வேண்டாம், டிஃப்ராக்கும் வேண்டாம். அதிலிருக்கும் போட்டோ, சான்றிதழ், புராஜெக்ட் எல்லாவற்றையும் முதலில் வெளியே நகல் எடுங்கள். போகிற டிஸ்க்கை மேலும் ஓடவிட்டால் எடுக்க முடிந்ததும் எடுக்க முடியாமல் போகும்.

பழைய லேப்டாப்பின் அடியில் விண்டோஸ் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். விண்டோஸ் 8க்குப் பின் வந்தவற்றில் அந்த எண் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். எஸ்.எஸ்.டி. மாற்றினாலும் அதே பதிப்பைப் போட்டால் தானாக ஏற்றுக்கொள்ளும். யாரோ திருட்டு விண்டோஸ் போட்டுத்தர வேண்டிய தேவையே இல்லை.

எஸ்.எஸ்.டி.யை டிஃப்ராக் செய்யாதீர்கள். அதற்கு வேண்டிய பராமரிப்பை விண்டோஸே செய்துகொள்ளும்.

10. ரேம் இரண்டாவது செலவு.

2 ஜி.பி. ரேமில் விண்டோஸ் 10 ஓடுவது அதற்குத் தண்டனை. 4 இருந்தால் ஓடும். 8 இருந்தால் நிம்மதி. டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியில் எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று போட்டிருக்கும். டி.டி.ஆர். 3, டி.டி.ஆர். 4 இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கடைக்குப் போகும்போது பழையதைக் கழற்றி எடுத்துப்போவதோ அதன் லேபிளைப் படம் எடுத்துப்போவதோ பாதுகாப்பு.

11. மதுரை வெயிலும் தூசியும்.

பல லேப்டாப் கையேடுகளில் "35 டிகிரி வரை" என்று போட்டிருப்பார்கள். சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். கத்திரி வெயிலில் மதுரை 40ஐத் தாண்டுகிறது. ஓட்டு வீட்டிலும் மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையிலும் பிற்பகலில் என்ன சூடு இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். பிராசசர் கொதிக்கத் தொடங்கினால் கருகிவிடாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காலையில் சரியாக ஆன் ஆகிற கணினி மதியம் மட்டும் இழுக்கிறது, ஃபேன் இரைகிறது என்றால் இதுதான். கோடையில் கணினி வேலையைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்ளுங்கள். மெத்தை, தலையணை, மடியில் விரித்த போர்வை மீது லேப்டாப் வைக்காதீர்கள். காற்று உள்ளே போகும் துளை அடிப்பக்கம்தான் இருக்கிறது. ஒரு பரீட்சை அட்டை போதும்.

தூசிக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. செல்லூர் பக்கம் தறி ஓடுகிற வீடுகளில் நூல் தூசி ஃபேனில் திரித்திரியாகச் சுற்றிக்கொள்ளும். சாலையை ஒட்டிய வீடுகளில் மண் தூசி. பூஜை மாடத்துக்குக் கீழே கணினி மேசையைப் போட்டிருந்தால் சாம்பிராணிப் புகையும் சேர்ந்து, பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் போகாத அந்தப் பிசுக்கில் தூசி ஏறினால் ஃபேன் சுற்றவே சிரமப்படும். மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

மேசைக் கணினியின் கேபினட்டைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியில் ஏற்றுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, பெயிண்ட் பிரஷ்ஷால் மெல்லத் தட்டிவிடுங்கள். ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வேகமாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பின்பக்கம் மூடியில்லாத இடைவெளி இருந்தால் அடைத்துவிடுங்கள். கரப்பானும் பல்லியும் உள்ளே போய் போர்டைக் கெடுக்கும் வழி அதுதான். லேப்டாப்பை நீங்களாகத் திறக்க வேண்டாம். நாலைந்து ஆண்டுகளாகத் திறக்கவே இல்லை என்றால் கடையில் கொடுத்து, ஃபேனைச் சுத்தம்செய்து, பிராசசருக்குப் புதிதாகப் பேஸ்ட் போடச் சொல்லுங்கள்.

12. கரண்ட் போய் வருகிற ஊரில்.

கணினி டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், எழுதியது அரைகுறையாக நிற்கும். அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் டிஸ்க்கை முழுவதும் சரிபார்க்கத் தொடங்கும். அந்தத் திரையில் சதவீதம் மெல்ல ஏறும்போது பொறுமையிழந்து மறுபடி ஆஃப் செய்யாதீர்கள், இன்னும் கெடும். ஓர் இரவு ஆனாலும் முடியவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக உங்கள் பகுதியில் மின்சாரம் நிறுத்தப்படும் நாளை மின்வாரியம் நாளிதழ்களில் முன்கூட்டியே அறிவிக்கிறது. அன்று காலை அப்டேட்டைத் தொடங்காதீர்கள்.

மேசைக் கணினிக்கு 600 வி.ஏ. யு.பி.எஸ். ஒன்று இருந்தால் சேமித்துவிட்டு முறையாக அணைக்க நேரம் கிடைக்கும். அதன் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டில் போய்விடும். யு.பி.எஸ். இருக்கிறது என்ற நம்பிக்கையில் யாரும் பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை சுவிட்சை அணைத்து, தாங்குகிறதா என்று பாருங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால், பின்பக்கம் யு.பி.எஸ். மோடு என்ற சுவிட்ச் இருக்கிறதா என்று தேடி அதில் போடுங்கள். சாதாரண நிலையில் கரண்ட் மாறும் இடைவெளியில் கணினி அணைந்து எழும்.

பேட்டரி செத்த லேப்டாப்பும் மேசைக் கணினிக்குச் சமம். ஒவ்வொரு மின்வெட்டிலும் பொசுக்கென்று அணையும். பேட்டரி, சார்ஜர் விஷயத்தில் இன்னொன்றும் கவனியுங்கள். சில நிறுவன லேப்டாப்கள் தங்களுக்குப் பொருந்தாத டூப்ளிகேட் சார்ஜரைச் செருகினால், பிராசசர் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்ளும். "சார்ஜர் மாத்துனதுல இருந்துதான் ஸ்லோ" என்று பிள்ளைகள் சொன்னால் அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

13. நாணயம் போன்ற ஒரு பேட்டரி.

மேசைக் கணினி ஒவ்வொரு முறையும் தேதியை மறந்து பழைய ஆண்டைக் காட்டுகிறதா, எஃப் 1 அழுத்தச் சொல்லி நிற்கிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். தேதி தவறாக இருந்தால் வங்கி, அரசு இணையதளங்களும் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்க மறுக்கும்.

14. இரண்டு ஓ.எஸ். உள்ள லேப்டாப்.

விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும் பட்டியல் வந்து, நீங்கள் எதையும் தொடாவிட்டால் சில நொடிகள் காத்திருக்கும். விண்டோஸின் சொந்தப் பட்டியல் என்றால் வழக்கமாக 30 நொடி. சிஸ்டம் கான்ஃபிகரேஷன் என்று தேடித் திறந்து, பூட் பகுதியில் டைம் அவுட்டை ஐந்தாக்குங்கள். அப்போதே 25 நொடி மிச்சம். அவசரம் என்றால் பட்டியல் வந்ததும் என்டர் தட்டுங்கள்.

15. விண்டோஸ் 10 முடிந்துவிட்டது, லேப்டாப் முடியவில்லை.

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. விண்டோஸ் 11க்கு 4 ஜி.பி. ரேம் மட்டும் போதாது. டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசரும் வேண்டும். பத்தாண்டு பழைய லேப்டாப்பில் அவை இருக்காது. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுக்காதீர்கள், இருக்கிற வேகமும் போகும்.

படிக்க, பிரவுசரில் விண்ணப்பிக்க, தமிழில் தட்டச்சு செய்ய, பாடம் பார்க்க மட்டும் என்றால் லினக்ஸுக்கு மாறுவதே நேர்மையான தீர்வு. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பும் லுபுண்டுவும் பழைய இயந்திரத்திலும் ஓடும், இரண்டும் இலவசம். பென் டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமலே ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம். வங்கிக் கணக்கு பார்க்கிற கணினி என்றால், பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன விண்டோஸை விட இதுவே மேல். டேலி போன்ற விண்டோஸ் மென்பொருள் அவசியம் என்பவர்களுக்கு மட்டும் இது ஒத்துவராது.

16. கடைக்குப் போவதென்றால்.

டவுன்ஹால் ரோட்டிலோ உங்கள் ஊர்க் கடைவீதியிலோ எங்கு கொடுத்தாலும், முதல் குறிப்பில் எழுதிய தாளைக் கையோடு கொண்டுபோங்கள். "ஸ்லோவா இருக்கு" என்பதற்கும், "லோகோ பத்து நொடியில் போய்விடுகிறது, வட்டம் ஆறு நிமிடம் சுற்றுகிறது, டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறது" என்பதற்கும் கிடைக்கிற பதிலில் பெரிய வித்தியாசம் இருக்கும். திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து பஸ் ஏறி வருகிறவர்களுக்கு இது ஒரு நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

எடுத்ததுமே "ஃபார்மட் போட்டுடலாம்" என்றால், ஏன் என்று கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் தேய்ந்த கணினியை ஃபார்மட் போட்டால் ஒரு மாதம் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதைதான். கொடுப்பதற்கு முன் சொந்தப் படங்களையும் சான்றிதழ்களையும் நகல் எடுத்துவிட்டு, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளை நீக்குங்கள். செலவை வாய்ச்சொல்லாக இல்லாமல் பில்லில் கேளுங்கள். எஸ்.எஸ்.டி.யின் வாரண்டி அந்தப் பில்லைக் கேட்கும்.

எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு, கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். உங்கள் ஆதார் நகலும் குடும்பப் படங்களும் இன்னும் அதில்தான் இருக்கின்றன. அது நலமாக இருந்தால், யு.எஸ்.பி. வெளிக்கூடு ஒன்று வாங்கி அதற்குள் போட்டுக்கொள்ளலாம். எட்டாம் குறிப்பில் சொன்ன கல்யாண ஆல்பத்துக்கு இடம் கிடைத்துவிடும்.